ஓரத்து உரையாசிரியர்

எருமப்பட்டியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இவரிடமிருந்து தப்ப முடியாது. ஆள் வந்து போயிருப்பார். கையெழுத்து மட்டும் பேப்பர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

பத்திரம் எழுதிப் பிழைத்தவர். நான்கெல்லை சரியில்லாத சொத்தையும் ஆதாரமில்லாத செய்தியையும் அவர் ஏற்பதில்லை. விடிந்ததும் முதல் பேப்பர் அவருக்குத்தான். சட்டைப்பையில் நீலப் பேனா தயார்.

'முட்டை விலை 5 காசு உயர்வு' என்றிருந்தால் 'உயர்வு' மேல் வட்டம் விழும். பக்கத்தில், "வியாபாரி பிடிக்கிற மைனஸ் எவ்வளவு? அதை எழுது." தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை ஒன்று சொல்ல, பண்ணைக்காரர் கையில் வேறொன்று விழும் சங்கதி நாமக்கல் பக்கம் குஞ்சுக்கும் தெரியும்.

'அதிகாரி உறுதியளித்தார்' என்ற வரிக்கு: "மூன்றாவது தடவை. முதல் உறுதி போன தை மாதம்."

'அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது' என்றால்: "நான் அங்கேதான் இருந்தேன். ஏற்படவில்லை."

'பொதுமக்கள் அவதி' என்பதை மட்டும் மறுக்கமாட்டார். கீழே சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

கொல்லிமலைப் பாதைக்கு 72 கொண்டை ஊசி வளைவு என்று ஒருநாள் அச்சாகியிருந்தது. இரண்டை அடித்துவிட்டு 70 ஆக்கினார். அன்றைக்கு அவர் நடையே வேறு.

பிரான்சில் ஃபெர்மா என்ற கணிதர், 1637 வாக்கில், ஒரு புத்தக ஓரத்தில் கணிதக் கூற்று ஒன்றுக்குத் தன்னிடம் அற்புதமான நிரூபணம் இருப்பதாகவும் எழுத இடம் போதவில்லை என்றும் குறித்துவைத்தார். உலகம் அதை நிரூபிக்க 350 வருஷத்துக்கு மேல் திண்டாடியது. நம்மவருக்கு அந்தச் சிக்கலே வராது. நகைக்கடை விளம்பரத்தின் வெள்ளைப் பகுதிக்கு அம்புக்குறி இழுத்துப் போய் மிச்சத்தை எழுதுவார். முழுப்பக்க விளம்பரம் வருவதே அதற்குத்தான் என்பது அவர் கட்சி.

பேரன் செல்போனில் செய்தி காட்டினான். எல்லார் கருத்தும் அடியில் குவிந்து கிடந்தது.

"எந்த வரிக்கு இந்தச் சண்டைன்னே தெரியலையே சாமி! அந்தந்த வரிக்குப் பக்கத்துல எழுத வேண்டாமா?"

இணையத்துக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் இதே யோசனைக்கு வந்து, வரிக்கு வரி குறிப்பெழுதும் முறைக்கு 2017இல் தரம் வகுத்தது. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே எருமப்பட்டியில் இது அமலில் இருந்தது.

செய்தி எழுதியவர் யாரும் இந்த உரையைப் பார்த்ததில்லை. ஊர் பார்க்கிறது. "அவரு எழுதிட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேப்பரைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. மறுநாள் அதே தாள் போண்டாவுக்குப் போக, எண்ணெய் ஊறிய உரைக்கு இரண்டாம் சுற்று வாசகர்களும் கிடைக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு விபரீதம். சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 என்றிருந்த செய்தியை அவர் 1995 என்று திருத்தியிருந்தார். அதன் கீழே யாரோ பச்சை மையில் எழுதிவிட்டார்கள்: "தவறு. 1997 ஜனவரி 1. அச்சில் இருந்ததே சரி."

மாஸ்டர் டீயை வைக்கக்கூட விடவில்லை.

"ஏனுங்க மாஸ்டரே, பச்சை மையில எழுத இவன் என்ன கெஜட்டட் ஆபீசரா? நாலு பேர் படிக்கிற பேப்பருங்க இது. இப்படிக் கண்டவனெல்லாம் கிறுக்கி வெச்சா, மனுசன் செய்தி படிக்கறதெப்படி?"