சேவைப் பலகை அவர்களின் மேலான கவனத்திற்கு

அனுப்புநர்: ஒரு புறநோயாளி, மரத்தடி பெஞ்சு.
பெறுநர்: உயர்திரு சேவைப் பலகை அவர்கள், ஆரம்ப சுகாதார நிலையம், எங்கள் ஊர்.
பொருள்: தாங்கள் அறிவித்துள்ள சேவைகள் எந்நேரம், யாரிடம் கிடைக்கும் என அறிய விரும்புதல் – தொடர்பாக.
பார்வை: கண்ணாடி போட்டும் தங்கள் கடைசி நான்கு வரிகள் தெரியவில்லை.

ஐயா,

இந்த மனுவை மருத்துவருக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். அவருக்குப் பக்கத்து ஊர் நிலையமும் கூடுதல் பொறுப்பு. இன்று அங்கே, நாளை மாவட்டக் கூட்டம், மறுநாள் பள்ளிக்கூட முகாம். இந்த வளாகத்தில் மாறுதலும் விடுப்பும் இல்லாமல் பணியாற்றும் ஒரே அதிகாரி தாங்கள்தான்.

தங்களைப் படித்ததிலேயே எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது. 24 மணி நேரப் பிரசவம், ஆய்வகம், சித்தா, நாய்க்கடி ஊசி, பாம்புக்கடி மருந்து, எல்லாம் இலவசம். ஒரே சங்கடம், எங்கள் ஊர்ப் பாம்புகள் பெரும்பாலும் ராத்திரியில் வயல் வரப்பில்தான் கடிக்கின்றன. அந்நேரம் ஓடிவந்தால் செவிலியர் பதறாமல் முதலுதவி செய்து 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார். ஆகத் தாங்கள் சொல்வதில் பொய்யில்லை. சேவை இருக்கிறது, வண்டியேறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.

இருமல் மருந்துக்குப் பாட்டில் கொண்டுவர வேண்டும் என்று தாங்கள் எங்கும் குறிப்பிடவில்லை. முன்னே நின்றவர் கைக்கு அகப்பட்ட குவார்ட்டர் பாட்டிலைக் கழுவி எடுத்துவந்திருந்தார். மருந்தாளுநர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். மாத்திரைக்குக் குறையில்லை, 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி மொத்தமாக வாங்க ஆரம்பித்ததன் புண்ணியம் அது. ஆனால் சுகருக்கும் வெள்ளை மாத்திரை, பிரஷருக்கும் வெள்ளை மாத்திரை. இரண்டையும் ஒரே முந்தானையில் முடிந்துகொண்டு போகும் ஆத்தாவுக்கு எது காலையில், எது ராத்திரியில் என்று வீட்டில் போய் யார் சொல்வது? சூரியனும் நிலாவும் அச்சடித்த காகிதக் கவர் என்ன விலை வந்துவிடும்?

வீட்டுக்கே மாத்திரை வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், மறுக்கவில்லை. மருத்துவம் எங்களைத் தேடி வந்த அன்று நாங்கள் நூறு நாள் வேலையில் இருந்தோம். நாங்கள் அதைத் தேடி இங்கே வந்த அன்று தன்னார்வலர் அம்மா எங்களைத் தேடிப் போயிருந்தார்.

கிராம சுகாதார செவிலியரைப் பற்றிப் புகார் சொல்ல வந்ததாக நினைத்துவிடாதீர்கள். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த 5,000 பேரில் யார் முழுகாமல் இருந்தாலும் மாமியாருக்குத் தெரிகிறதோ இல்லையோ கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். கர்ப்பத்தைப் பதிந்து வாங்கும் பிக்மி எண் இல்லாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் வழியில்லை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இழுத்தடிக்கும். எனவே அந்தம்மா நோட்டில் ஒருமுறை எழுதி, கணினியில் ஒருமுறை ஏற்றி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மீதி நேரத்தில் பிரஷர் பார்க்கிறார். என் பிரஷரைப் பார்த்தபோதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம்தானே? என்னைப் பார்க்காவிட்டால் நான் ஒருவன்தான் கேட்பேன். பதிவைப் பார்க்காவிட்டால் மாவட்டமே கேட்கும்.

புதன்கிழமையைக் கிண்டல் செய்ய மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அன்று தடுப்பூசி. குளிர்பெட்டி வந்துவிடுகிறது, பிள்ளைகள் வரிசையாக அலறுகின்றன, அட்டையில் அடுத்த தேதி எழுதப்படுகிறது. மழையிலும் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனையும் அப்படியே. இன்ன நாள், இன்ன வேலை என்று ஊருக்கே தெரியும். தெரிந்ததால் கேட்கிறார்கள், கேட்பதால் நடக்கிறது. மற்ற சேவைகளுக்குக் கிழமையே கிடையாது. எல்லா நாளும் உண்டு என்று எழுதியிருப்பதால் எந்த நாளிலும் கேட்க முடிவதில்லை.

2023இல் டெல்லி இந்த நிலையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் வைக்கச் சொன்னது. வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, கோயிலென்றால் நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், எந்தப் பூசைக்கு எந்தக் குருக்கள் என்பதை வாசலிலேயே எழுதிப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, ஒவ்வொரு சேவைக்கு எதிரிலும் கிழமை, நேரம், ஆள் என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயின்ட் வேண்டாம், சாக்பீஸ் போதும். ஆள் இல்லாத அன்று அழித்துவிடலாம். ஆய்வகத்துக்காரர் விடுப்பு என்று காலையிலேயே தெரிந்திருந்தால், சுகர் பார்க்க வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்த பெரியவர் ஊரிலேயே ரெண்டு இட்லி சாப்பிட்டிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டோக்கன் வாங்கியும் பெயர் கூப்பிடப்படாதவன்.

நகல்: புகார்ப் பெட்டி (சாவி யாரிடம் என்று தெரிந்த பின் அனுப்பப்படும்).