அக்னி நட்சத்திரமும் அடியேன் ஏசியும்

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும் என்பது பஞ்சாங்கம் பார்க்காமலே எங்கள் கார் ஏசிக்குத் தெரியும். மார்கழி முழுக்க ஜில்லென்று ஊதியது, இப்போது தாம்பரம் தாண்டியதும் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி விடுகிறது.

மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே சொன்னார்: “கேஸ் இறங்கிடுச்சு சார்.” போன வருஷமும் இதேதான் இறங்கியது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாச்சாரமில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைத்துவிட்டால் அடுத்த மே மாதம் அவரை யார் தேடி வருவது?

தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் கார், அமெரிக்காவின் பேக்கார்டு, 1940 மாடல். டிக்கியில் பாதியை ஏசியே அடைத்துக்கொள்ளும். அதை முழுசாக நிறுத்த எஞ்சினை அணைத்து, இறங்கி, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம். நமக்கு அந்தச் சிரமமில்லை, தானாகவே நின்றுவிடுகிறது.

இப்போதைக்குக் கழுத்தில் ஈரத்துண்டு, நான்கு கண்ணாடியும் கீழே. சிக்னல் வந்தால் மட்டும், “ஏத்துங்க, ஏத்துங்க” என்கிறாள் மனைவி. பக்கத்துக் காரில் எதிர்வீட்டுக்காரர்.