சோபா விமர்சகர்கள்

‘கோலங்கள்’ தொடர் சன் டிவியில் 2003 முதல் 2009 வரை, 1500 பகுதிகளையும் தாண்டி ஓடியது. ஒரு நாள் விடாமல் அதைப் பார்த்த வீடுகளில்தான் இன்று இரண்டரை மணி நேரப் படத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இழுவை" என்கிறார்கள்.

2020இல் ‘சூரரைப் போற்று’ தியேட்டருக்குப் போகாமல் நேரே அமேசான் பிரைமுக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டு விமர்சகர்களுக்கு ஏக மவுசு. பாட்டு வந்தால் ஓட்டு. சண்டை வந்தால் ஓட்டு. இடையில் குக்கர் விசில், கூரியர்காரர், சித்தியின் போன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "இவன் யாரு, எப்ப வந்தான்?" கடைசியில் தீர்ப்பு: "திரைக்கதையில கோர்வையே இல்லப்பா."

தாத்தாக்கள் தனி ரகம். சீரியல் எல்லாம் குப்பை என்று பேப்பரை விரித்துக்கொள்வார்கள். பாட்டி கதையைத் தப்பாகச் சொன்னால் மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "அது மூத்த மருமக இல்ல, ரெண்டாவது."

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தபோது தியேட்டரில் வசூல் இல்லை. பிறகு டிவியில் பார்த்துப் பார்த்தே அதைத் தூக்கிக் கொண்டாடினோம். "நான் அப்பவே சொன்னேன், நல்ல படம்னு" என்று சொல்லாத ஆளை இன்று பார்ப்பது அபூர்வம். சொன்னவர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுத்திருந்தாலே படம் ஓடியிருக்கும்.