பொருள்: அன்ஃபிட் ஆன அம்மாக்கள்

அனுப்புநர்: மெடிக்கலில் 'ஃபிட்' ஆன ஒருத்தி, ஹம்ரியா, ரூவி, மஸ்கட்.

பெறுநர்: வளைகுடா சுகாதார மன்றத் தலைமை, ரியாத்.

பார்வை: வேலைக்கு வருவோருக்கான தங்கள் மருத்துவத் தகுதி விதிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

ரூவியில் எங்களிடம் உள்ள பத்தாக்கா (குடியிருப்பு அட்டை) ஒவ்வொன்றுக்கும் பின்னால், சென்னையிலோ கொழும்பிலோ தங்கள் அங்கீகாரம் பெற்ற சென்டரில் நாங்கள் கொடுத்துவிட்டு வந்த ரத்தமும் மூத்திரமும் இருக்கின்றன. ஒருவரை 'அன்ஃபிட்' ஆக்கும் காரணங்களைத் தாங்கள் எழுதியே வைத்திருக்கிறீர்கள்: எச்.ஐ.வி., காசநோய், தொழுநோய், மலேரியா, யானைக்கால் புழு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய். அதே வரிசையில் கர்ப்பம். மற்றவை எப்படித் தொற்றின என்று கண்டுபிடிக்க டாக்டர் வேண்டும். இந்த ஒன்று எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்குக் காரணமானவர் பக்கத்து வரிசையில் நின்று 'ஃபிட்' வாங்கிப் போய்விடுகிறார்.

அமீரகத்தில் இன்னும் கவனம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு அங்கே போய் இறங்கிய பிறகும் சோதனை உண்டு, 'நெகட்டிவ்' வந்தால்தான் விசா. எங்கள் கருப்பை மீது இத்தனை அக்கறை எங்கள் மாமியார்களுக்குக்கூட இருந்ததில்லை.

இதையெல்லாம் கையாலாகாத நாடுகள் செய்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நான் இருப்பது ஓமனில். 1970இல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆஸ்பத்திரிகள் இருந்த நாடு. 2000இல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளை வரிசைப்படுத்தியபோது 8ஆவது இடம் பிடித்தது. (இந்தியா 112. நாங்கள் அடக்கமானவர்கள்.) 2023இல் வந்த புதிய சட்டங்களில் பிரசவ விடுப்பு 50 நாளிலிருந்து 98 நாளாயிற்று, அப்பாவுக்கும் 7 நாள். 2024 ஜூலை முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பிரசவ விடுப்புக் காப்பீடு, முதலாளி சம்பளத்தில் 1 சதவீதம் கட்ட வேண்டும். எங்கள் பில்டிங்கில் கம்பெனி விசாவில் இருக்கும் அக்காக்கள் சந்தோஷப்பட்டார்கள், நியாயம்தான்.

மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தவளைக் கேட்டால் அவளுக்கு விவரம் தெரியாது. தெரிந்தும் பயனில்லை. அதே 2023 தொழிலாளர் சட்டம், வீட்டு வேலைக்காரர்களைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மேடத்தின் 40 நாள் பத்தியத்துக்கு வெந்தயம் காய்ச்சுகிறவள், இரவில் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறவள், பிரசவம் பற்றி அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள். அவள் தொழிலாளி இல்லையாம்.

அப்படி ஒருத்தி லீவில் ஊருக்குப் போகிறாள். தாலி கட்டியவனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறாள். இங்கே வந்தபின் வாந்தி. செக்கப்புக்குப் போக மேடம் விட வேண்டும், பில்லுக்கு அர்பாப் (முதலாளி) மனது வைக்க வேண்டும், கல்யாண சர்டிபிகேட் ஊரில் பெட்டியில் இருக்கிறது. சொன்னால் ஊருக்கு டிக்கெட், சொல்லாவிட்டால் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐந்தாம் மாதம்வரை தரை துடைக்கலாம். அதன்பின் ராமநாதபுரத்தில் போய் இறங்கினால், கிராம செவிலியர் கேட்கும் முதல் கேள்வி, 12 வாரத்துக்குள் ஏன் பதியவில்லை? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அந்தப் பதிவுதான் திறவுகோல். எங்கள் ஊர் அரசும் தங்களைப் போலவே தேதி பார்க்கத் தெரிந்தது.

முதலாளி வீட்டை விட்டு ஓடிப்போனவள் கதை வேறு. ஸ்பான்சர் புகார் கொடுத்துவிட்டால் அவள் கல்லிவல்லி, அதாவது கணக்கில் இல்லாதவள். பத்தாக்கா இல்லை, பார்ட் டைம் வேலை, ஒரே அறையில் நாலு பேர். அவளுக்கு வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் போலீஸ் ஞாபகம் வருகிறது. ஓமன் தண்டனைச் சட்டத்தின் 259ஆவது பிரிவு, கல்யாணத்துக்கு வெளியே உறவு என்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை என்கிறது. கணவரோ பாதுகாவலரோ புகார் தந்தால்தான் வழக்கு என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதியை அவளுக்குப் படித்துக்காட்ட ஆளில்லை.

ஆண்களுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். குடும்ப விசாவுக்கு முன்பு 600 ரியால் சம்பளம் வேண்டும். 2017இல் 300, 2023இல் 150 ஆயிற்று. 149 வாங்குகிறவனின் மனைவிக்குப் பிரசவம் கைப்பேசியில்தான்.

இது எதுவும் தங்கள் இலாகா இல்லை என்பீர்கள். தொழிலாளர் அமைச்சகத்திலும் அதையே சொல்வார்கள். எங்கள் பக்கத்து அரசுகளும் லேசுப்பட்டவை அல்ல. இலங்கை 2013இல், 5 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாடு போகக் கூடாதென்றது. 2022இல் டாலர் தீர்ந்தபோது 2 வயது போதும் என்றது. வளைகுடாவுக்குக் கிளம்பும் இலங்கைப் பெண்களுக்குக் கருத்தடை ஊசி போடப்படுவதாக 2018இல் கார்டியன் எழுதியது. டெல்லியோ ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவைப்படும்) பாஸ்போர்ட்காரர்களுக்கு 275 ரூபாயில் இரண்டாண்டுக் காப்பீடு விற்கிறது. பெண்ணுக்குப் பிரசவச் செலவு 35,000, சிசேரியன் என்றால் 50,000. தாங்கள் அன்ஃபிட் ஆக்குகிற அதே கர்ப்பத்துக்கு! 30 வயதாகாத அந்தப் பெண்ணை டெல்லி வீட்டு வேலைக்கு அனுப்புவதும் இல்லை, ஆகவே அவள் துபாய் விசிட் விசாவில் வந்து எல்லை ஊரான புரைமி வழியாக இங்கே சேர்கிறாள், காப்பீட்டையும் 275 ரூபாயையும் மிச்சப்படுத்தி.

தங்கள் படிவத்தில் சிறு திருத்தம் கோருகிறேன். 'கர்ப்பம்: ஆம் / இல்லை' என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு வரி: வந்த பிறகு உண்டானால் எந்த ஆஸ்பத்திரி, பில் யார் பெயரில்? இடம் போதாதென்றால் எழுத்தைப் பொடியாக்குங்கள், பொடி எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் நாங்கள் அத்தனை பேரும் வந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் முத்திரை பெற்ற ஆரோக்கியம் உடையவள்.

நகல்: 1. ஓமன் தொழிலாளர் அமைச்சகம். வீட்டு வேலை வேலையாகும் நாளில் பிரித்துப் படிக்க.
2. இந்திய வெளியுறவு அமைச்சகம். வீட்டுப் பணியாளருக்கான ஐ.எல்.ஓ. 189ஆவது உடன்படிக்கை 2011இல் வந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளும் ஏற்கவில்லை, தாங்களும் ஏற்கவில்லை. இரு தரப்பு உறவு சுமுகமாக இருப்பதற்கு வாழ்த்து.