கீறல் விழுந்த தட்டும் கைவைத்தியமும்

இசைத்தட்டில் கேட்கும் கரகரப்புக்கு அழுக்கு, கீறல், தேய்மானம் என்று மூன்று காரணங்கள் உண்டு. அழுக்கைக் கழுவலாம், கீறலோடு சமாதானம் பேசலாம், தேய்மானத்துக்குத் தட்டை விற்றவரைத் திட்டலாம். எது எதுவென்று பார்க்காமல் மூன்றையும் வேட்டி நுனியால் அழுத்தித் துடைப்பதுதான் வழக்கம். நான்காவது காரணம் அப்போது பிறக்கிறது.

முதலில் தட்டு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கோடு கல்மாவு சேர்த்து வார்த்தவை. கீழே விழுந்தால் சில்லுச்சில்லாகும். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. தட்டு வினைல் பிளாஸ்டிக். விழுந்தால் உடையாது, ஆனால் விழுந்ததை மறக்கவும் மறக்காது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சர் எல்லோருக்கும் இது தெரியும். இசை ரசிகர் சிலருக்குத் தெரியாது. 78 தட்டை ஸ்பிரிட்டில் துடைப்பவர் பாட்டைக் கரைத்து மேசைக்குப் பூசலாம்.

எல்.பி.யின் பள்ளம் ஏறத்தாழ ஒரு தலைமுடி அகலம்தான். அதற்குள் தூசி, விரல் எண்ணெய், ஊதுபத்திப் புகை, மழைக்காலப் பூஞ்சணம் எல்லாம் இடம் பிடித்திருக்கும். முதலில் தட்டைச் சுழலவிட்டு, கார்பன் இழைப் பிரஷ்ஷால் உலர்ந்த தூசியை எடுக்க வேண்டும். பிறகு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். போர் தண்ணீர் கூடாது; அழுக்கு போன இடத்தில் சுண்ணாம்பு குடியேறும். பச்சை ஸ்கிரப்பரைச் சமையலறையை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. நடுவில் காகித லேபிளில் கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் நனையக் கூடாது. சோப்பு போக நல்ல நீரால் மறுபடி துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்தினால் கழுவல் முடிந்தது.

கழுவிய பிறகும் அதே இடத்தில் அதே ஓசை வந்தால் அது கீறல். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுவதால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். விளிம்பிலிருந்து மையம் நோக்கி 1 செ.மீ. ஓடும் கீறல் சுமார் 100 பள்ளங்களை வெட்டும். சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால் மொத்தம் 3 நிமிடம். ஒரு சினிமாப் பாட்டு முழுக்கத் தாளத்தோடு சம்பந்தமில்லாத கடக்காரர் ஒருவர் கூடவே வருவதுபோல. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. அத்தகைய விடியற்காலைத் தட்டுகளில் தொடக்கத்தில்தான் கீறல் அதிகம் விழ வாய்ப்பு: அரைத் தூக்கத்தில் ஊசியை இறக்கியவர்களின் கையெழுத்து.

பள்ளத்தின் போக்கிலேயே சாய்ந்து விழும் கீறல் இன்னும் விபரீதம். ஊசி அதையே பாதையென்று நம்பி முன்னே தாவும், அல்லது கடந்த பள்ளத்துக்கே திரும்பும். திரும்பினால் பாடகர் அதே வரியை, யாராவது எழுந்து வரும்வரை பாடுவார். சொன்னதையே சொல்லும் பெரியவர்களைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்பது தட்டுக்குச் செய்யும் அநியாயம். தட்டு, ஊசியைத் தூக்கி வைத்தால் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இதற்கு ஓரளவு உதவும் வைத்தியம் ஒன்று உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால், கீறலின் ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறு பள்ளத்துக்குள் மடிந்து நிற்பது தெரியும். மரப் பல்குச்சியின் முனையை நன்றாகச் சாய்த்து, பள்ளத்தின் வழியே இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் பிசிறு விலகி ஊசிக்கு வழி விடலாம். தாவல் நிற்கும், 'டக்' நிற்காது. போன பிளாஸ்டிக் முளைக்காது.

மற்ற வைத்தியங்கள் தட்டைவிட வைத்தியரையே தேற்றுபவை. ஊசித்தலையில் நாணயம் வைப்பது அவற்றில் மூத்தது. பெரும்பாலான ஊசிகளுக்கு 2 கிராம் சுமை போதும். ஒரு ரூபாய் நாணயம் 3 கிராமுக்கு மேல். தாவாமல் ஓடும் ஊசி பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டே ஓடும். தேங்காயெண்ணெய் தடவினால் தட்டு மின்னும். அடுத்த வாரம் வீட்டுத் தூசி முழுக்க அங்கே வந்து ஒட்டும். பற்பசை கீறலோடு பாட்டையும் தேய்த்துவிடும். தச்சர்களின் வெள்ளைப் பசையை ஊற்றி, உலர்ந்ததும் தோலாக உரிப்பது வினைலில் தூசியை எடுக்கும், கீறலை ஆற்றாது. அரக்குத் தட்டில் அதை முயலவே கூடாது.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். தட்டை விளிம்பில் பிடித்து, உள்ளுறையில் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பவை வளையும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் அடுக்காமலே வளையும். ஊசியைப் பின்னிருந்து முன்னாக மட்டும் துடைக்க வேண்டும்.

மீதி இருப்பது இரவல். இரவல் போன தட்டு புதுக் கீறலோடு வரும். அது முன்பே இருந்தது என்ற சாட்சியமும் கூடவே வரும். திரும்பி வராத தட்டுக்குப் பராமரிப்பு தேவையில்லை.