அதுவும் சரிதானுங்க

தமிழ்நாடு–கேரள எல்லையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடி வந்தால் லாரிகள்கூட வேகத்தைக் குறைக்கும். நம் தலைவரின் கருத்து மட்டும் நிற்காமல் எல்லை தாண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் தமிழ்நாட்டுக்கே பத்தவில்லை என்பார். கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் போனால், 1970 ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வரவேண்டிய 7.25 டி.எம்.சி.யைக் கொடுத்தால்தான் என்ன என்பார். யாராவது மறுத்துப் பேசினால் தமிழில் “அதுவும் சரிதானுங்க”, மலையாளத்தில் “அதும் சரியாணு”. ஆக, இரண்டு பாஷையிலும் சண்டை கிடையாது. ஊர் இவருக்குக் கொடுத்திருக்கும் பட்டம், திறந்த மனசுக்காரர்.

இவர் வார்டு மெம்பரும் ஆகிவிட்டால் கிராம சபையில் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்பது கேரளத்துச் சட்டம். இவருக்கோ தினமும் கூடினாலும் சம்மதம். “நம்மகிட்ட குறை இருந்தாத் தயங்காமச் சொல்லுங்க” என்று நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடுவார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் அம்மா எழுந்தால், பேனா மூடியைக் கழற்றி, தாளின் தலைப்பில் தேதி போட்டு, அடிக்கோடும் இழுத்து, “அப்பறம், நீங்க சொல்லுங்க” என்று அடுத்தவரிடம் போய்விடுவார். தாள் நாலாக மடிந்து சட்டைப்பைக்குள் போகும். சட்டை சலவைக்குப் போகும். குறைகளும் வெளுத்து வந்துவிடும். கேட்கவே மாட்டேன் என்கிற முரடனோடு முட்டிப் பார்க்கவாவது முடியும். இவரிடம் முட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு பக்கமும் கொள்வினை கொடுப்பினை உள்ள ஊரில் முகத்தை முறித்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பார்கள். நியாயம்தான், பந்தியில் முறிக்க வேண்டாம். ஆனால் தண்ணீரை எந்த வாய்க்காலுக்குத் திறப்பது என்று முடிவெடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பந்திப் பேச்சே பேசினால், இரண்டு பக்கத்துக்காரரும் ஏமாந்துதான் வீடு திரும்புவார்கள். பேச்சை மாற்றினால் பல்டி என்பார்களே என்ற பயமும் வேண்டியதில்லை. இதே சித்தூர் தாலுக்காவில் பெருமாட்டி பஞ்சாயத்து மாற்றிக் காட்டியிருக்கிறது. பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு 2000-இல் உரிமம் கொடுத்ததும் அதுதான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போச்சு என்று மயிலம்மா போன்ற பெண்கள் 2002-இல் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்த பிறகு, 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் அதுதான். கொடுத்த கையே மறுத்தது, எதனால் மறுத்தோம் என்று எழுதியும் வைத்தது. 2005-இல் உயர் நீதிமன்ற அமர்வு கம்பெனி பக்கம் சாய்ந்தபோதும் பின்வாங்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் தலைவர் அங்கே இருந்திருந்தால் கம்பெனிக்காரர் சொன்னதையும் கேட்டு, பந்தலில் இருந்தவர்கள் சொன்னதையும் கேட்டு, இரண்டையும் ஆராய ஒரு கமிட்டி போட்டிருப்பார். கமிட்டிக்குத் தலைவரும் அவரேதான்.