பழசுல ஓடுச்சே!

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கம் எந்தத் தோட்டத்துக் கோயில் கமிட்டியைக் கேட்டாலும், இப்படி ஒருவரைக் கைகாட்டுவார்கள். பகலில் செனவாங் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். ராத்திரியில் தோட்டத்துக்குச் சிப்பு மாமா. சிரம்பானில் இருந்த மோட்டோரோலாவின் சிப் ஆலை 1999-இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனதை, தன்னைக் கேட்காமல் நடந்த காரியமாகவே இன்றும் பேசுவார். போர்டில் எது கெட்டாலும் அவருக்கு ஒரே மந்திரம்: "பழசுல ஓடுச்சே!"

திருவிழா அலங்கார வளைவின் ஓடும் விளக்குக்கு அசெம்பிளியில் எழுதி, பிக் 16எஃப்84ஏ சிப்பில் ஏற்றியிருந்தார். இடி விழுந்து சிப் போயிற்று. கடையில் 16எஃப்628ஏ கிடைத்தது. இதற்கும் 18 கால்தான். நிரலுக்கு 1,024 சொல் இருந்த இடத்தில் 2,048.

"அப்படியே தூக்கிப் போட்டுரலாம்லா."

போட்டார். முதல் பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

அடாப்டரை மாற்றினார். கிரிஸ்டலை மாற்றினார். ஈயத்தையெல்லாம் உருக்கி மறுபடி பற்றவைத்தார். கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். கடைசியில், கோட் நீளமாகிவிட்டதோ என்று, அரைப்புள்ளி போட்டு எழுதிவைத்த குறிப்புகளை வரிவரியாக அழித்தார். (குறிப்பு சிப்புக்குள் போவதே இல்லை. அதைச் சொல்ல அங்கே யாருக்குத் துணிச்சல்?)

போர்ட்டிக்சன் பொலிடெக்னிக்கில் படிக்கும் தங்கை மகன்தான் கேட்டான்: "மாமா, வேரியபிளை எங்க வெச்சீங்க?"

"எங்க வெப்பாங்க? 12-லதான். பழசுல..."

84ஏ-யில் நம் உபயோகத்துக்கான இடம் 12-ஆம் முகவரியில் தொடங்குகிறது, 628ஏ-யில் 32-இல். அதற்குக் கீழே இருப்பது சிப்பின் சொந்த ரிஜிஸ்டர்கள். பழைய லயத்தில் 12-ஆம் எண் நம் வீடு என்பதற்காக, தோட்டம் மாறிப் போன பிறகும் 12-ஐத் தேடிப் பாய் விரித்தால் அது கிராணியார் ஆபீசாக இருக்கும். 13 இன்னும் வேடிக்கை. 628ஏ-யில் அங்கே ஒன்றுமே கிடையாது. எழுதினால் தங்காது, படித்தால் எப்போதும் சுழியம். தாமதத்துக்கான எண்ணியை மாமா அங்கேதான் வைத்திருந்தார். சுழியத்தில் ஒன்று கழித்தால் 255; அதை எழுதினால் காணோம்; மறுபடி சுழியம், மறுபடி 255. தாமதம் முடிந்தால்தானே அடுத்த பல்பு!

32-க்கு மாற்றியதும் விளக்கு ஓடியது. பட்டன் மட்டும் அசையவில்லை. 628ஏ கண்விழிக்கும்போதே ஏ போர்ட்டின் நான்கு கால்களைக் கம்பாரேட்டருக்குக் கொடுத்துவிடும். அதை அணைக்கத் தொடக்கத்தில் இரண்டு வரி வேண்டும். சேர்த்தார். பட்டன் வந்தது, இன்னொன்று போயிற்று: எல்லாப் பல்பும் ஒன்றாக எரிய வேண்டிய கடைசி வரிசை வரவே இல்லை. கோயில் தலைவர்தான் கவனித்தார்.

"பார்த்தீங்களா தலைவரே, சிப்பே சரியில்ல!"

சிப் சரிதான். விளக்கு வரிசைகளின் அட்டவணை 254-ஆம் முகவரியில் முடிந்திருந்தது. புதிய இரண்டு வரி அதை 256-க்குத் தள்ளிவிட்டது. அட்டவணைக்குள் தாவும் கட்டளை முகவரியின் கீழ் எட்டு பிட்டை மட்டுமே கூட்டும், மிஞ்சியது மேலே ஏறாது. ஆகவே 256-க்குப் போக வேண்டியது சுழியத்துக்கு, அதாவது ரீசெட் வாசலுக்கே, போய்விட்டது. மருமகன் அட்டவணையை 768-இல் கொண்டுபோய் வைத்து, தாவுமுன் மேல் பிட்டுகளுக்கான ரிஜிஸ்டரில் 3 போட்டான். வளைவு முழுக்க எரிந்தது.

கமிட்டி மாமாவுக்கு மாலை போட்டது. "பழசுல ஓடுச்சு, அதான் புதுசுலயும் ஓடுது" என்று ஏற்றுக்கொண்டார்.

இப்போது அவர் மேஜையில் தண்ணீர்ப் பம்ப் டைமர். உள்ளே ஏடிமெகா8, மாற்றப்போவது 328பி. இரண்டுக்கும் 28 கால். முன்னதில் ஒவ்வொரு இன்டரப்ட் வாசலுக்கும் ஒரு சொல் இடம், பின்னதில் இரண்டு. டைமர் 0 நிரம்பினால் அங்கே 9-ஆம் முகவரிக்குப் போக வேண்டும், இங்கே 32-க்கு. மருமகனுக்குப் பரீட்சை, இந்த வாரம் வரமாட்டான். மாமா சோல்டரிங் அயனைச் சூடாக்கிவிட்டார்.

"கால் எண்ணிக்கை ஒண்ணுதானேலா. தூக்கிப் போட வேண்டியதுதான்."